வேண்டாம் என்று ஒருமுறை சொன்னவர்

ஐம்பத்துநான்கு வயது வரை அபூ ஸாயில் யாரிடமும் எதற்கும் வேண்டாம் என்று சொன்னதில்லை. கெரக் என்ற அந்த அரபு ஊர்ப் பக்கத்து ஆண்களில் இந்த ரகம் நிறைய உண்டுதான். ஆனால் இவர் அதை ஒரு தொழிலாகவே செய்துவந்தார். சித்தப்பா மகன் பட்டாளத்தில் சேர்ந்தான் என்று இவரும் சேர்ந்தார். பட்டாளத்து லாரியில் பக்கத்தில் உட்கார்ந்தவன் சிகரெட்டை நீட்டினான் என்று புகைக்க ஆரம்பித்தார். பங்காளிகள் எல்லோரும் கொரியா வண்டி வாங்கிய வருஷத்தில் இவரும் அதே வண்டியை அதே வெள்ளை நிறத்தில் வாங்கினார். ஃபித்தாவைக் கட்டியதுகூட, பெரியப்பா ஒரு பந்தியில் வைத்து “இந்தப் பொண்ணக் கட்டிக்கடா” என்று சொன்னதால்தான். பெண்ணைப் பார்த்தது அதற்குப் பிறகு. நல்லவேளையாக அந்த ஒன்று நன்றாக அமைந்தது.

அவருடைய சொந்தப் பெயர் ஔதா. அதைச் சொல்லிக் கூப்பிடுவது வங்கியிலும் சுகாதார நிலையத்திலும் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவர் அபூ ஸாயில், அதாவது மகன் ஸாயிலின் தகப்பன். வீட்டில் மனைவி ஃபித்தா, பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் மகள் விஜ்தான். மகனுக்கு அகபா துறைமுகத்தில் வேலை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அபூ ஸாயிலுக்கு இருந்த ஒரே அலுவல், தங்கள் குலக் கூட்டத்தின் மண்டபத்தில் உட்கார்ந்து பங்காளிகளோடு டீ குடிப்பது. ஒரு கிளாஸில் மூன்று கரண்டி சர்க்கரை, ஒரு நாளைக்குப் பத்து கிளாஸ். யாராவது ஊற்றினால் குடித்தாக வேண்டும், யாராவது ஊற்றிக்கொண்டேதான் இருப்பார்கள்.

பட்டாளத்து ஓய்வூதியக்காரர்களுக்கான வருடாந்தரப் பரிசோதனைக்குப் போனபோது சுகாதார நிலையத்தில் இருந்தது ஒரு சின்னப்பெண் டாக்டர், தலைநகர் அம்மானிலிருந்து வந்தவள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். இடது காலின் பெருவிரலுக்கு அடியில் ஒரு புண் இருந்தது. அது அங்கே இருப்பதே அபூ ஸாயிலுக்குத் தெரியாது.

“கண்ண மூடிக்குங்க மாமா. ஊசியால குத்துவேன், வலிச்சா சொல்லுங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “எப்பம்மா குத்துவ?” என்று கேட்டார்.

“நாலு தடவ குத்தி முடிச்சுட்டேன் மாமா.”

சர்க்கரை முந்நூற்று எண்பது இருந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. “புண்ணு ஆற மூணு வாரம் ஆகும், கட்டுப் போட வாங்க. ஆறினதும் மெத்துன்னு ஒரு ஷூ வாங்கிக்கிட்டு தினமும் அரை மணி நேரம் நடக்கணும். டீக்குச் சர்க்கரை கிடையாது. கினாஃபா, பக்லாவான்னு எந்த இனிப்பையும் திரும்பிப் பாக்காதீங்க. ஒழுங்கா இருந்தா இந்தக் கால் உங்களுது. இல்லேன்னா எங்களுது.”

ஃபித்தா வீட்டில் அதைக் கேட்டதும் முதலில் செய்த காரியம், எழுந்து போய்க் கதவைச் சாத்தியது.

“ஏங்க, இது இந்த நாலு சுவத்துக்குள்ளயே இருக்கட்டும். மர்ஸூக் ஹாஜி வீட்லேர்ந்து நம்ம விஜ்தானக் கேட்டு அனுப்பிருக்காங்க. அவளுக்கு இருபத்தாறு முடியப் போவுது. சர்க்கரை வீட்டுப் பொண்ணுன்னு பேரு வந்துச்சுன்னா அவங்க அப்படியே திரும்பிப் போயிருவாங்க. மேலத்தெரு தலால் வீட்டு மூணு பொண்ணுங்களும் எப்படி உக்காந்திருக்குன்னு பாத்தீங்கள்ல?”

அவர் சரி என்றார். வேறு என்ன சொல்லியிருப்பார்?

புண் ஆறியது. விஜ்தான் தன் சம்பளத்தில் வெள்ளை ஷூ ஒன்று வாங்கிவந்து, தகப்பனுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து அவளே நாடாவைக் கட்டினாள். “வாப்பா, சின்னப்பிள்ளையாட்டம் இருக்கீங்க,” என்று சிரித்தாள்.

முதல் நாள், சாயங்கால அஸர் தொழுகை முடிந்து பெரிய ரோட்டில் நடக்க ஆரம்பித்தார். இருபது அடி போயிருக்க மாட்டார், ஒரு வண்டி நின்றது. பங்காளி ஒருவன். “ஏறுண்ணே.” இல்லப்பா, சும்மா நடக்கறேன் என்று இவர் இழுத்தார். அவன் விடவில்லை. “தலாக் சத்தியமா ஏறு!” என்றான்.

கெரக்கில் இது ஒரு வியாதி. நீ ஏறாவிட்டால், நீ சாப்பிடாவிட்டால், நீ உட்காராவிட்டால் என் பெண்டாட்டி எனக்குத் தலாக் என்று ஆண்கள் சத்தியம் செய்வார்கள். செய்கிறவனுக்கு அது தும்மல். கேட்கிறவனுக்கோ ஒரு குடும்பமே தன் தலையில் ஏறி உட்கார்ந்துவிடும். வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணுக்கு, அந்தச் சாயங்காலம் தன் கல்யாணம் ரோட்டோரத்தில் எத்தனை தடவை பணயம் வைக்கப்பட்டது என்பதே தெரியாது. இப்படியொரு வழக்கத்தைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் ஆண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

அபூ ஸாயில் ஏறினார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். மறுபடி புறப்பட்டார், இன்னொரு வண்டி, இன்னொரு தலாக். அன்றைக்கு நான்கு பேருடைய மனைவிகளைக் காப்பாற்றினார். நடந்தது மொத்தம் இருநூறு அடி.

யோசித்து ஓர் இடம் கண்டுபிடித்தார். கூட்டத்தின் இடுகாடான கபர்ஸ்தான். ஊருக்கு மேற்கே, சுவர் எடுத்த இடம். வண்டி உள்ளே வராது. உள்ளே போகிறவனைப் பார்த்தால் தகப்பன் கபருக்கு ஃபாத்திஹா ஓதப் போகிறான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அபூ ஸாயில் தினமும் அஸருக்குப் பிறகு அங்கே போய், ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டு, தகப்பன் கபரிலிருந்து தொடங்கிப் பெரியப்பா கபரைத் தாண்டி சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி நடந்தார். முப்பது சுற்று. மண்டபத்தில் டீ வந்தால் வயிற்றில் புளிப்பு என்றார். இப்படியே இரண்டு மாதம் ஓடியது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தாள். நூற்றி அறுபது.

“மாமா, இந்த ஊர்ல நான் சொன்னதக் கேட்ட மொத ஆளு நீங்கதான்,” என்றாள். அன்று வீட்டுக்கு வரும் வழியில் அபூ ஸாயிலுக்கு அழுகையே வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அவர் தானாக ஆரம்பித்துத் தானாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

கபர்ஸ்தானில் அவர் நடப்பதைப் பார்த்துவிட்டவன் கலஃப். சித்தப்பா மகன், ஒரே வயது, பட்டாளத்துக்கு முதலில் போனவனும் அவன்தான். கெட்டவன் இல்லை. கூட்டம் கூடும் இடத்தில் நடுவில் உட்காராவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான். ‘உறவுப் பாலம்’ என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ள வாட்ஸப் குழுவை நடத்துகிறவன். யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள், யார் வீட்டு ஆடு காணோம் என்பதெல்லாம் அவன் கை வழியாகத்தான் ஊருக்குப் போகும். கபர்ஸ்தான் சுவருக்கு மேலே ஃபோனைத் தூக்கிப் பிடித்து, வெள்ளை ஷூவோடு கையை வீசி வீசி நடக்கும் அபூ ஸாயிலை ஒரு நிமிஷம் படம் எடுத்தான். கல்யாண ஊர்வலப் பாட்டு ஒன்றைச் சேர்த்து, அடியில் எழுதினான்: ‘நம்ம அபூ ஸாயில் காலி மனை பாக்குறாரு. யாருக்காச்சும் வேணும்னா சொல்லுங்க.’

சாயங்காலத்துக்குள் அது ஊரைத் தாண்டி அகபா வரை போய்விட்டது. மகன் ஸாயிலுக்கே மூன்று பேர் அனுப்பியிருந்தார்கள். அபூ ஸாயில் கையை வீசுவதை மட்டும் வெட்டி ஸ்டிக்கராக்கினார்கள். குழுவில் யாராவது ‘கிளம்பிட்டேன்’ என்று எழுதினால் கீழே அபூ ஸாயில் வந்து கையை வீசினார். மண்டபத்துக்குள் நுழைந்தால், “வாங்க வாங்க, இன்னிக்கி கபர்ல கெடக்கற எத்தன மையத்த முந்துனீங்க?” என்று கேட்டார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். பெண்கள் பக்கம் வேறு கதை ஓடியது. கபரைச் சுற்றிச் சுற்றி வந்தால் அது சூனியம்தான், மகளுக்கு மாப்பிள்ளை அமைய யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

ஃபித்தா ஒரு வாரம் வெளியே போகவில்லை. “ஏங்க, கொஞ்ச நாளைக்கு அங்க போவாதீங்க,” என்றாள். அபூ ஸாயில் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே, சமையல்கட்டிலிருந்து வாசல் வரைக்கும் பன்னிரண்டு அடியை முந்நூறு தடவை நடந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கலஃபின் மகன் வக்கீலுக்குப் படித்து முடித்ததற்கு விருந்து. மண்டபம் நிறைந்திருந்தது. ஆட்டுக்கறிச் சோறான மன்ஸஃப் முடிந்து கினாஃபா தட்டுகள் வந்தன. பாகு சொட்டச் சொட்ட ஒரு பெரிய துண்டை எடுத்துக்கொண்டு கலஃப் நேராக அபூ ஸாயிலிடம் வந்தான். அந்தப் படத்துக்குச் சமாதானம் பேசுவதாக அவன் நினைப்பு. நாலு பேர் ஃபோனைத் தூக்கினார்கள்.

“வாயத் தொற பங்காளி. என் கையால ஊட்டறேன்.”

“இருக்கட்டும் கலஃப். இப்பத்தான் சாப்ட்டேன்.”

“மனசுல ஒண்ணும் வெச்சுக்கலேன்னா தின்னு.”

“வெச்சுக்கல. வேணாம்.”

“தலாக் சத்தியமா தின்னுதான் ஆவணும்!”

அபூ ஸாயில் அந்தத் துண்டைப் பார்த்தார். ஊசி நான்கு தடவை இறங்கியும் தெரியாமல் போன அந்தக் காலை நினைத்தார். நூற்றி அறுபதை நினைத்தார்.

“வேணாம்,” என்றார்.

 கலஃபின் கை அங்கேயே நின்றது, பாகு அவன் மணிக்கட்டு வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. “மூணு தலாக்,” என்றான், குரல் தாழ்ந்துபோய். வீம்பு அதற்கு மேல் அவனைக் கூட்டிப்போய்விட்டது. அபூ ஸாயில் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார். பிறகு எழுந்து வெளியே போனார்.

பெண்கள் இருந்த அறையில் கலஃபின் மனைவி ஸப்ஹா, முப்பது வருஷம் அவனோடு குடும்பம் நடத்தியவள், கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மார்க்கத் தீர்ப்புக்கு முஃப்தியைக் கேட்டார்கள். வீம்புக்குச் செய்த சத்தியம், பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டால் தீர்ந்தது என்று அவர் சொல்லிவிட்டார். ஸப்ஹாவின் அண்ணன்மார்கள் ஒத்துக்கொள்ளவில்லை. “எங்க தங்கச்சி ஒரு துண்டு கினாஃபா பெறமாட்டான்னு அத்தன ஃபோனுக்கு முன்னால காட்டிட்டாரு அபூ ஸாயில். அவரு அதே மண்டபத்துல வந்து தின்னாத்தான் அனுப்புவோம்,” என்றார்கள். கலஃபை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பணயம் வைத்தவன் அவன், குடும்பத்தைக் கெடுத்தவர் இவர். குழுவில் இப்போது சிரிப்புப் படங்கள் இல்லை. அபூ ஸாயில் ஸலாம் போட்டால் முந்நூற்றுப் பதினோரு பேரும் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். அதற்கு ஸ்டிக்கரே தேவலை என்று ஆகிவிட்டது அவருக்கு.

பத்தாம் நாள் பெரியவர்கள் பன்னிரண்டு பேர் அவர் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் நின்று பேச அவர்கள் கூட்டிவந்த ஆள் மர்ஸூக் ஹாஜி. விஜ்தானைத் தன் மகனுக்குக் கேட்டிருக்கும் அதே மர்ஸூக் ஹாஜி. ஃபித்தா கதவுக்குப் பின்னால் நின்றாள். அபூ ஸாயில் காப்பியை ஊற்றி நீட்டினார். ஹாஜி கிண்ணத்தை வாங்கி, வாயில் வைக்காமல் தரையில் வைத்தார். கேட்டது கிடைக்காமல் அவர் அதைத் தொட மாட்டார். தொடாமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்கு அப்புறம் தலைநிமிர்வு கிடையாது.

“அபூ ஸாயில், நாங்க கேட்டு வந்தது பெருசா ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழம மண்டபத்துக்கு வந்து கலஃப் கையால ஒரு வாய் தின்னுட்டுப் போங்க. ஒரு குடும்பம் சேரும்.” கொஞ்சம் நிறுத்தி, “ரெண்டு குடும்பம்,” என்றார்.

எனக்குச் சர்க்கரை, கால் போய்விடும் என்ற இரண்டு வார்த்தை அபூ ஸாயிலின் நாக்கு நுனியில் இருந்தது. கதவுக்குப் பின்னால் ஃபித்தாவின் வளையல் ஒருமுறை குலுங்கியது. அவர் ஹாஜியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“காப்பியக் குடிங்க ஹாஜி,” என்றார்.

வெள்ளிக்கிழமை மூன்று துண்டு. ஒன்று போதும் என்று யாரும் சொல்லவில்லை. ஸப்ஹா அன்று சாயங்காலமே வீடு திரும்பினாள். கலஃப் அந்தப் படத்தையும் குழுவில் போட்டான், இருநூற்று எண்பத்தேழு பேர் இதயம் போட்டார்கள். அதற்கப்புறம் அபூ ஸாயிலுக்கு ஊட்டுவது ஊரில் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. போகிற வீட்டில் எல்லாம், “எங்க கையாலயும் ஒரு வாய்! கலஃபுக்கு மட்டுந்தானா?” என்றார்கள். டீக்கு நான்கு கரண்டி போட்டார்கள், பிரியமாம். வெள்ளை ஷூ கட்டிலுக்கு அடியில் போயிற்று. டாக்டர் ஃபோன் செய்தால் அவர் எடுக்கவில்லை. என்ன சொல்வார் அந்தப் பெண்ணிடம்?

கோடையில் விஜ்தானுக்குக் கல்யாணம் நடந்தது. அன்றைக்கு அவர் புதுக் கறுப்பு ஷூ போட்டுக்கொண்டு, பங்காளிகளோடு தோளோடு தோள் சேர்த்து மூன்று மணி நேரம் தப்கா ஆடினார். பூமி அதிர மிதிக்க வேண்டிய ஆட்டம் அது. நன்றாக மிதித்தார், வரிசையிலேயே சந்தோஷமான ஆள் அவர்தான். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினபோது இடது காலுறை பாதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஷூவைக் கவிழ்த்ததும் பட்டாணி அளவு ஒரு கல் விழுந்தது. மூன்று மணி நேரமும் அது உள்ளேயேதான் இருந்திருக்கிறது.

விருந்துகள் முடியட்டும் என்று பதினோரு நாள் துணி சுற்றிக்கொண்டு திரிந்தார். வாடை வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முதலில் விரல், அடுத்த வாரம் பாதம், அதற்கடுத்த வாரம் முழங்காலுக்குக் கீழே மொத்தமும்.

பார்க்க வந்தவர்களில் விஜ்தானின் மாமியாரும் உண்டு. ஃபித்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு உருகி உருகிப் பேசினாள். “சர்க்கரைய இப்படியா கவனிக்காம விடுவாரு? எங்க ஹாஜியெல்லாம் ஒம்பது வருஷமா மாத்திரைய வேள தவறாமப் போட்டுக்கறாரு.”

ஃபித்தா கையை உருவிக்கொண்டாள். “உங்களுக்கு... இவருக்குச் சர்க்கரைன்னு எப்பத் தெரியும்?”

“அதுவா? பொண்ணு கேட்டு விட்ட மறுவாரமே தெரியுமே! சுகாதார நிலையத்துல சீட்டு எழுதறவ எங்க நாத்தனாரு மருமவதான? சர்க்கரை இல்லாத வீடு எங்கம்மா இருக்கு? எங்க வீட்லயே நாலு பேரு. நீங்க வாயத் தொறக்கல, சரி, நாம ஏன் கேட்டு சங்கடப்படுத்தணும்னு நாங்களும் விட்டுட்டோம்.”

அன்றைக்குக் காப்பிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தபோது ஹாஜிக்குத் தெரியும். ஃபித்தா அந்த வார்த்தையைத் தன் கணவரிடம் சொல்லவில்லை. ஆனால் அவர் கட்டிலில் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார், திரைச்சீலை மெல்லியது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கலஃபும் வந்தான். பெரிய அட்டைப்பெட்டி நிறைய பக்லாவா. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடா வருவார்கள்? போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்ததும் குழந்தை மாதிரி அழுதான். “ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் ஊட்டிருப்பேனா பங்காளி? நான் என்ன மிருகமா?” அவன் கண்ணீர் பொய்யில்லை. பொய்யாக இருந்தால் வெறுத்துவிட்டாவது போகலாம்.

அடுத்த மாசியில் கலஃபுக்குப் பரிசோதனையில் சர்க்கரை ‘எல்லையில் இருக்கிறது’ என்று வந்தது. மறுநாளே அவன் நடக்க ஆரம்பித்தான், பெரிய ரோட்டில், நட்டநடுவில். குழுவில் எழுதினான்: ‘பங்காளிகளே, நம் சகோதரர் அபூ ஸாயிலின் கால் நம் எல்லோருக்கும் பாடம். இன்று முதல் அபூ ஸாயில் நடைக் குழு.’ முதல் நாள் ஆறு பேர், வாரக் கடைசியில் நாற்பது பேர். எல்லோரும் வெள்ளை ஷூ. மண்டபத்தில் டீ சர்க்கரை இல்லாமல் வந்தது. சர்க்கரை கேட்டவனைக் கேலி செய்தார்கள். வண்டிகள் நின்று யாரையும் ஏறச் சொல்லவில்லை, ஹாரன் அடித்து வாழ்த்திவிட்டுப் போயின. சின்னப்பெண் டாக்டரை மண்டபத்துக்கு அழைத்துப் பேச வைத்தார்கள். அவள் கலஃபை, இந்த ஊரை மாற்றிய மனிதர் என்றாள்.

அதே நடை, அதே ஷூ. கலஃப் நடந்தால் ஊர் நடக்கிறது. அபூ ஸாயில் நடந்தபோது கபர்கள்தான் கூட இருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அந்த நாற்பது பேரும் அவர் வாசலுக்கே வந்துவிட்டார்கள். கொடி மாதிரி ஒரு துணி, அதில் அவர் படம். அபூ ஸாயில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மிச்சமிருந்த வலது காலில் மகள் வாங்கித் தந்த வெள்ளை ஷூ. விஜ்தான் ஆறு மாதக் கர்ப்பத்தோடு தாய் வீட்டுக்கு வந்திருந்தவள், நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

கலஃப் தன் வண்டியின் முன்கதவைத் திறந்து வைத்தான். நான்கு ஃபோன்கள் மேலே எழுந்தன.

“பங்காளி, நீ இல்லாம இந்த நடை ஏது? வண்டியில ஏறு. நீ முன்னால போ, நாங்க பின்னால நடந்து வர்றோம்.”

விஜ்தான் குனிந்தாள். “வாப்பா, வேணாம்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவ சொல்லுங்க வாப்பா.”

அபூ ஸாயில் மகளின் கையைத் தட்டிக்கொடுத்தார். “சொல்லிப் பாத்துட்டேம்மா,” என்றார்.

“என்ன யோசன?” கலஃப் சிரித்துக்கொண்டே குரலை உயர்த்தினான். “தலாக் சத்தியமா ஏறு!”

நான்கு பேர் அவரைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தார்கள். வண்டி நடக்கிறவர்களின் வேகத்துக்கு மெதுவாக நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே கூடவே நடந்தபடி ஃபோனை நீட்டிய ஒருவன், “கைய வீசு அபூ ஸாயில், கைய வீசு,” என்றான். அவர் வீசினார்.